உப்பிய இடம் ஒன்று, ஒழுகிய இடம் வேறு

புளியரைக்கு இந்தப் பக்கம், எங்கள் தென்னந்தோப்பில் ஒரு கேரவன் நிற்கிறது. ஜீப்பில் மாட்டி இழுத்துப் போகிற வகை. பங்குனியில் கொல்லம் பக்கத்தில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினோம். அப்போது சுவரில் ஒரு மேடு பள்ளம் கிடையாது. ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்க ஆரம்பித்த மூன்றாவது வாரம் மேற்குச் சுவர் உப்பியது.

முதலில் நம்பவே முடியவில்லை. காலையில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மதியம் மேகம் விலகி வெயில் அடித்தால் ஜன்னலுக்குக் கீழே வயிறு போலத் தள்ளிக்கொண்டு வரும். இருட்டினால் அடங்கிவிடும். காரணம் பின்னால் புரிந்தது. இந்தச் சுவர் ஒரே பலகை இல்லை. வெளியே மெல்லிய ஃபைபர் தகடு, அதன் பின்னால் 3 மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் தெர்மாகோல், உள்பக்கம் மறுபடி ஒரு பிளைவுட். எல்லாவற்றையும் பசை போட்டு அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். அலுமினியச் சட்டம் உள்ளே மறைந்திருக்கும். பிளைவுட் நனைந்தால் பசை விட்டுப்போகும். விட்டுப்போன இடத்தில் இருக்கும் ஈரமும் காற்றும் வெயிலில் சூடேறி விரியும்போது தகடு வெளியே தள்ளும்.

இது தெரியாமல் நான் செய்த தவறை இங்கே சொல்லியாக வேண்டும், இதே வேலையைத்தான் பலரும் முதலில் செய்வார்கள். ஜன்னலைச் சுற்றி சிலிகானை அடித்தேன். ஜன்னல் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே இரண்டு சின்ன ஓட்டைகள் உண்டு, அவையும் அதில் அடைபட்டன. வடிய வழியில்லாத தண்ணீர் சுவருக்குள் போனது. பத்தே நாளில் உப்பல் முழங்கை நீளம் கூடிவிட்டது. அலமாரியைத் திறந்த என் மனைவிதான் மக்கின வாடை அடிப்பதாகச் சொன்னாள். மூக்கை நம்பலாம், கண்ணுக்குத் தெரியும் முன்பே வாடை வந்துவிடுகிறது.

மச்சான் மீன் லாரி ஓட்டுகிறான். அவன் மூலமாக நீண்டகரையில் ஃபைபர் வள்ளம் சரிசெய்கிற ஒரு சேட்டன் வந்தார். வந்தவர் உப்பின இடத்தைத் தொடக்கூட இல்லை. "அண்ணாச்சி, உப்பினது எல்லாருக்கும் தெரியும். உப்பல் எங்கே போய் முடியுதுன்னு பாருங்க. வெள்ளம் அங்கேயிருந்துதான் இறங்கியிருக்கும்" என்றார். அவர் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். அந்த ஒரு வார்த்தையில் என் தேடலே திசை மாறியது.

அன்று ராத்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தோம். பகலில் தெரியாத மேடெல்லாம் நிழலாக எழுந்தது. அடுத்து ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால், சந்தையில் பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல அரை சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாக, சுருக்கமாக ஒலிக்கும். விட்ட இடம் தொளதொளவென்று கேட்கும். ஒலி மாறுகிற இடத்திலெல்லாம் நான் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்ததும் தெரிந்த வடிவத்தை என்னால் மறக்க முடியாது. கீழே அகலம், மேலே போகப் போகக் குறுகி, ஜன்னலைத் தாண்டிக் கூரையின் மூலையில் இரண்டு விரல் அகலத்தில் முடிந்தது. நான் பூசிய ஜன்னல் அந்த வழியில் நடுவே இருந்தது, அவ்வளவுதான்.

சட்டமே வளைந்திருக்குமோ என்ற பயமும் இருந்தது. வளைந்திருந்தால் அது வேறு நோய், செலவும் வேறு. அதற்குக் கொத்தனார் வழிதான். சுவரின் இரண்டு ஓரத்திலும் ஒரே கனமுள்ள மரக்கட்டையை வைத்து, நைலான் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் இடைவெளியை ஸ்கேலால் அளந்தோம். உப்பலின் நடுவில் காலையில் 6 மில்லிமீட்டர், வெயிலில் 14 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. ஆனால் அடி விளிம்பில் நூல் எங்கும் விலகவில்லை. உள் சுவரும் நேராக இருந்தது. வெளியும் உள்ளும் சேர்ந்தே வளைந்திருந்தாலோ, சுவரின் அடி தரையைவிட்டு நழுவியிருந்தாலோ சட்டத்தையும் தரைப் பலகையையும் சந்தேகப்பட வேண்டும். வெயிலோடு கூடிக் குறைவது பசை விட்டதன் அடையாளம்.

பிறகு ஈரம் அளக்கும் இரண்டு முள் மீட்டர் வாங்கினேன். இதில் ஒரு விஷயம் உண்டு. உள்ளிருந்து குத்தினால் உள் பிளைவுட்டின் ஈரம்தான் தெரியும். வெளிப் பலகைக்கும் நமக்கும் நடுவில் தெர்மாகோல் இருக்கிறது. ஜன்னலின் உள்வளையத்தைக் கழற்றினால் சுவரின் வெட்டுமுகம் தெரியும், அங்கே குத்த வேண்டும். கழற்றும்போது வெளியே ஓர் ஆள் ஜன்னலைப் பிடித்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடும். கிழக்குச் சுவரில் ஈரம் 12 சதவீதம் காட்டியது. மேற்கு ஜன்னலுக்குக் கீழே 28. விரலால் அழுத்தினால் பிளைவுட் ஊறின ரஸ்க் போல உதிர்ந்தது.

வழி தெரிந்துவிட்டது, வாசலைப் பிடிக்க வேண்டும். கூரைத் துவாரங்களை டேப்பால் ஒட்டி, ஒரு ஜன்னலில் அட்டையை வெட்டிப் பொருத்தி, புளோயரால் உள்ளே காற்றை மெதுவாக ஊதவிட்டோம். வெளியே சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வந்தேன். ஜன்னலில் ஒரு குமிழி இல்லை. கூரையும் சுவரும் சேருகிற அலுமினியப் பட்டையின் முனையிலும், பக்கத்தில் இருந்த சின்ன விளக்கின் அடியிலும் பால் பொங்குவதுபோல நுரை வந்தது. பட்டையின் ஸ்க்ரூவைக் கழற்றினால் கறுப்பாக மரத்தூள் ஒட்டி வந்தது. அடியில் தண்ணீர் புகாமல் அடைக்கிற, ரப்பர் போன்ற பியூட்டைல் டேப் காய்ந்து வெடித்திருந்தது. வண்டியை நிறுத்தியபோது ரசமட்டம் வைக்கவில்லை. கூரைத் தண்ணீர் முழுக்க அந்த மூலைக்கே ஓடியிருக்கிறது, கணவாய்க் காற்று அதை உள்ளே தள்ளியிருக்கிறது.

மீதி வேலை பொறுமைதான். மேலே தார்ப்பாய் கட்டி, அடிப் பட்டையைத் திறந்துவிட்டோம். கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் இரண்டு நாள் சொட்டியது. மீட்டர் 14க்கு வர நான்கு வாரம் ஆனது. அதன் பிறகே பட்டைக்குப் புது பியூட்டைல் டேப் போட்டு, என் சிலிகானை முழுவதும் சுரண்டி எடுத்தேன். அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. உதிர்ந்த பிளைவுட்டை வெட்டி மாற்றி, மற்ற இடத்தில் எபாக்ஸி பசையைச் செலுத்திப் பலகை வைத்து முட்டுக் கொடுத்தார் சேட்டன்.

வண்டியை இப்போது மட்டம் பார்த்து, குறுகிய முன்பக்கம் மேற்கைப் பார்க்கத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். நேற்று எல்லா மூலையும் மறுபடி அளந்தேன். கிழக்குப் பக்கம் பின் விளக்கின் கீழே 17 காட்டுகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.