பேனட் சூடு

ஜூன் 3, செவ்வாய்

கரூர் பட்டறையில் இரண்டு பஸ் சேஸியும், மேற்கூடு கட்டாத வெறும் அடிச்சட்டமாக, வெயிலில் நிற்கின்றன. ஒன்றுக்கு என்ஜின் முன்னால், இன்னொன்றுக்குப் பின்னால். "வீடு மாதிரிக் கட்டுவதென்றால் பின் என்ஜின்தான் தம்பி. ஓட்டுகிறவரோடு பேசிக்கொண்டே போகலாம்" என்கிறார் மேஸ்திரி. 2001இல் வோல்வோ வந்ததிலிருந்து எல்லோருக்கும் இந்த மயக்கம். பதின்மூன்றாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம். திரும்பும்போது வெள்ளகோவிலில் மழை.

ஜூன் 4

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

அப்பாவிடம் இரண்டு சேஸி படத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். ஒவ்வொரு சொல்லாக வந்தது: "பின்னால் இருந்தால் என்ஜின் பேசுவது கேட்காதே, சாமி."

31 வருடம் அவர் ஓட்டியது முன் என்ஜின் பஸ்தான். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் சத்தத்தை வைத்தே ஏறியவர். பெல்ட் தளர்ந்தால் மீட்டர் முள் காட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும் என்பார். பின் என்ஜினில் அதெல்லாம் பத்து மீட்டருக்கு அப்பால் நடக்கும். புழுதி முழுவதும் ரேடியேட்டரில்தான் போய் அடையும். ஆனால் முன் என்ஜினில், ஓட்டுகிறவர் பக்கத்திலேயே இருக்கும் என்ஜின் மூடி, அந்தப் பேனட், கொதிக்குமே! பேனட்டை ஒட்டியே இருந்த அவர் இடது காலில், முழங்காலுக்குக் கீழே முடியே கிடையாது. அந்தக் காலை எவன் தலையில் கட்டுவது? ஓட்டப்போவது நான்தான். என் காலைத்தான்.

ஜூன் 7

டேப் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலை அளந்தேன். 21 அங்குலம். நர்ஸ் ஒரு மாதிரிப் பார்த்தார்.

பின் என்ஜின் வண்டியில் படுக்கை என்ஜின் பெட்டிக்கு மேலேதான் வருகிறது. மேஸ்திரி கணக்குப்படி 34 அங்குலம். படி வைத்துத் தருகிறாராம். யார் ஏறுவது? வண்டியை நிறுத்திய பிறகும் என்ஜின் உடனே ஆறாது; அந்தச் சூடு இரவெல்லாம் மெத்தைக்கு அடியில் கிடக்கும். முன் என்ஜின் என்றால் பின்பக்கத் தரை தாழ்வு. சத்தம் ஓடும்போதுதான். ஊட்டிப் பக்கம் எங்காவது ஓரமாக நின்றிருக்கும் நேரம்தானே அதிகம்?

ஜூன் 8, ஞாயிறு

"முதலில் மனிதர் எழுந்து நிற்கட்டும், பிறகு வண்டி கட்டலாம்" என்றாள் அக்கா. ஃபோனை வைத்துவிட்டேன். மாலையில் இட்லி கொடுத்தனுப்பியிருந்தாள். சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

ஜூன் 10

இடது காலில் வெந்நீர்ப் பை வைத்தார்கள். "சுடுகிறதா?"

"இல்லைங்க."

நான் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியவில்லை.

ஜூன் 11, புதன்

முன் என்ஜின்தான். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். கட்டில் 21 அங்குலம், ஒரு நூல்கூட ஏறக் கூடாது. பேனட்டுக்கு இரண்டடுக்கு வெப்பத் தடுப்பு. தண்ணீர்த் தொட்டி 300 லிட்டர், நிறைந்தால் தண்ணீர் மட்டும் 300 கிலோ; அதைப் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கவிட்டால் வால் கனத்துவிடும். அச்சுக்கு முன்னால் வை என்றேன். அங்கே பேட்டரி வருகிறதாம். வரட்டும், தள்ளி வைக்கட்டும்.

அப்பாவிடம் சொன்னதும் வலது கையால் என் கையைத் தட்டினார்.

ஜூன் 12

தொட்டி விஷயமாக மேஸ்திரி மூன்று முறை அழைத்திருக்கிறார். எடுக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அப்பாவை மறுபடியும் ஸ்கேனுக்குக் கீழே கொண்டுபோனார்கள். டேப் சட்டைப் பையிலேயே இருக்கிறது.