திகதிக்கு மட்டும் வேறு மை

கல்லடியிலிருந்து இன்று காலை என்னிடம் உதவி கேட்டு வந்த தங்கை ஒருத்தி, கண்ணாடி வெடித்த தன் கைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட இராஜினாமாக் கடிதம். அவளது கையெழுத்து நீல மையில் இருந்தது. திகதியோ கறுப்பு மையில், வேறொருவரின் கையெழுத்தில்.

"சம்பளத் துண்டு எண்டுதான், மிஸ், கையெழுத்து வெக்கச் சொன்னவங்க. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியா."

புடவைக்கடையில் ஏழு வருடம் நின்றவள், கர்ப்பமாக இருப்பதைச் சொன்ன மறுவாரம் வாங்கப்பட்ட கையெழுத்து அது. கர்ப்பத்தை மட்டும் காரணமாக வைத்து ஒருவரை வேலையிலிருந்து நீக்க, இலங்கையின் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இடமளிப்பதில்லை.

ஆனால், நீக்கியதை முதலாளி ஒப்புக்கொண்டால் அதன் நியாயத்தை அவரே காட்ட வேண்டும். தானாக விலகினாள் என்று அவர் சொல்லிவிட்டால், நீக்கப்பட்டதை நிரூபிக்கும் சுமை அவள் தலையில் விழுகிறது. அந்தத் தாளின் வேலை அதுதான்.

வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு, வேலை போய் 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்கு 9 நாட்களே மீதமிருந்தன. "முதலாளியோட கொழுவினா வேற கடையிலயும் எடுக்க மாட்டாங்க" என்று மாமி தடுத்திருக்கிறார். எல்லோரும் எல்லோரையும் அறிந்த இந்த ஊரில் மாமியை முற்றாகக் குறைசொல்லவும் முடியவில்லை.

எழும்பும்போது அவள் கேட்டாள்: "சாட்சிக்கு வந்தா மத்தப் பிள்ளைகளையும் நிப்பாட்டுவாங்களா மிஸ்?"

விண்ணப்பத்தில் சாட்சிகளின் பெயருக்கென விட்ட வரிகள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.