ஒரே சாம்பலில் காணாமல் போகும் கட்டடங்கள்

தெளிந்த நீல வானத்தின் கீழ் நிற்கும் கண்ணாடிக் கட்டடம் வண்ணப் படத்தில் பளிச்சென்று இருக்கும். அதே ஃபைலைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள், கட்டடம் வானத்துக்குள் கரைந்துவிடும். கண்ணாடி பிரதிபலிப்பது அந்த வானத்தைத்தான். இரண்டுமே நீலம், ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம். வண்ணத்தில் ஒன்று கொஞ்சம் பச்சை கலந்த நீலம், இன்னொன்று சுத்த நீலம் என்று கண் பிரித்துக்கொள்கிறது. வண்ணம் போனதும் பிரிக்க எதுவும் மிச்சமில்லை. ஜன்னல் சட்டங்களின் கோடுகள் மட்டும் காற்றில் தொங்குவதுபோல் நிற்கும்.

கட்டடங்களைப் படமெடுக்கும் இந்தத் தொழிலில் என்னிடம் உதவியாளராகச் சேருபவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுகிறேன். ஏன் கருப்பு வெள்ளை என்று அவர்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பதில் இதற்குள் இருக்கிறது.

என் அன்றாட வேலை ஆர்க்கிடெக்ட்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் வண்ணத்தில் படம் எடுத்துத் தருவது. அதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. நுழைவாயில் தெரிய வேண்டும், பயன்படுத்திய பொருட்கள் தெரிய வேண்டும், சுற்றுப்புறத்தோடு கட்டடம் எப்படிப் பொருந்துகிறது என்று தெரிய வேண்டும். அந்த வேலை முடிந்த பிறகு, அனுமதி கிடைக்கும் இடங்களில், எனக்காக எடுப்பவைதான் கருப்பு வெள்ளைப் படங்கள். இவற்றில் நான் தேடுவது ஒன்றே ஒன்று: ஒரு மூலையில் சந்திக்கும் இரண்டு பக்கங்களும் ஒரே சாம்பலாக இருக்கக் கூடாது. எது வெளிச்சம், எது இருட்டு, எவ்வளவு வித்தியாசம் என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்த வித்தியாசம் இருந்தால் கட்டடத்துக்குக் கன அளவு வரும். இல்லாவிட்டால் அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி தட்டையாகக் கிடக்கும்.

அமெரிக்க ஒளிப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் உருவாக்கிய ஸோன் முறை இதற்கு இன்றைக்கும் உதவுகிறது. முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 10, நடுச் சாம்பல் 5. இயற்கைக் காட்சிகளை வைத்துத்தான் அந்த முறையைப் பெரும்பாலும் விளக்குவார்கள். ஆனால் கட்டடத்துக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். மலையிலும் மரத்திலும் ஆயிரம் சாயல்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். கட்டடத்தில் எண்ணி நான்கைந்து தளங்கள்தான். கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்பே நோட்டில் பென்சிலால் கட்டடத்தின் வடிவத்தைக் கிறுக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு எண் எழுதிவிடுவேன். இடது பக்கம் 7, வலது பக்கம் 3, வானம் 4, அடிப்பகுதி 2. பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையே குறைந்தது இரண்டு வித்தியாசம் வேண்டும். நான்கும் மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அங்கே என்ன செய்யலாம் என்று அப்போதே யோசிக்க ஆரம்பிப்பேன்.

இந்த எண்களை எங்கிருந்து பெறுவது? முதலில் சூரியனிடமிருந்து. ஒரு பக்கத்தைச் சாய்வாக உரசிக்கொண்டு வெயில் போகும் நேரம் ஒன்று எந்தக் கட்டடத்துக்கும் உண்டு. அப்போது பக்கத்துச் சுவர் தானாகவே நிழலுக்குள் போயிருக்கும். கான்கிரீட் சுவராக இருந்தால், பலகை அடித்து வார்த்த தடங்கள் எல்லாம் எழுந்து நிற்கும். நேர் எதிரே வெயில் அடிக்கும்போது அந்தத் தடங்கள் இருந்த இடமே தெரியாது.

இதற்கு நேர்மாறாக வேலை செய்தவர்கள் ஜெர்மனியின் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் தம்பதியர். தண்ணீர்த் தொட்டிகள், ஊது உலைகள், சுரங்கக் கோபுரங்கள் என்று தொழிற்சாலைக் கட்டமைப்புகளைப் பல பத்தாண்டுகள் எடுத்தார்கள். மேகமூட்டமான நாளையே தேர்ந்தெடுத்தார்கள். நிழல் விழுந்தால் ஒரு தொட்டியையும் இன்னொரு தொட்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது என்பதால் அந்தத் தேர்வு. அவர்கள் தேடியது வகைகளை. அந்த ஒழுக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் நான் கற்றுக்கொண்டது ஒளிப்படக்காரர் லூசியன் ஹெர்வேயிடமிருந்துதான். 1949-ல் பிரான்சின் மார்செய்யில் ஆர்க்கிடெக்ட் லெ கொர்புசியே கட்டிக்கொண்டிருந்த குடியிருப்புக்குப் போய் ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தவர் அவர். அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் லெ கொர்புசியே அவரைத் தன் ஒளிப்படக்காரராக வைத்துக்கொண்டார். ஹெர்வே முழுக் கட்டடத்தைக் காட்ட மெனக்கெட மாட்டார். ஒரு படிக்கட்டின் ஓரம், ஒரு சுவரின் மேல் விழுந்த நிழல், அவ்வளவுதான். பிரிண்டையே தயங்காமல் வெட்டிச் சுருக்கிவிடுவார். சண்டிகரில் அவர் எடுத்த படங்களில் கருப்பு என்பது வெளிச்சம் இல்லாத இடமாகத் தெரியாது. கான்கிரீட்டைப் போலவே அதுவும் ஒரு கட்டுமானப் பொருளாக நிற்கும்.

அடுத்தது ஃபில்டர். வண்ண சென்சாரில் எடுத்த படம் என்றால் சிவப்பு, பச்சை, நீலத்தின் பங்கைப் பிறகு கணினியில் மாற்றிக்கொள்ளலாம். சாதாரணமாக மாற்றும்போது பல மென்பொருள்கள் பச்சைக்கு ஏறக்குறைய 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று எடை கொடுக்கும். கண்ணின் உணர்திறனை ஒட்டிய கணக்கு அது. நீலத்தின் பங்கைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டினால் வானம் இருளும், செங்கல் வெளுக்கும். ஆனால் நீல வானமும் அதைப் பிரதிபலிக்கும் கண்ணாடியும் சேர்ந்தே இருளும் என்பதால் முதலில் சொன்ன சிக்கல் இதில் தீராது. அங்கே போலரைசர் என்ற, லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் வேண்டும். கண்ணாடிப் பரப்போடு நம் பார்வை சுமார் 34 டிகிரி சாய்வில் இருக்கும்போது அது பிரதிபலிப்பை நன்றாக வெட்டும். நேர் எதிரே நின்றால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே நிற்கும் இடத்தை மாற்றித்தான் கண்ணாடியின் சாம்பலை மாற்ற முடிகிறது. ஒரு தெரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு நடந்தால் 6 ஆக இருந்த பக்கம் 3 ஆக இறங்கும். கருப்பு வெள்ளைக்கென்றே செய்த சென்சார் கொண்ட கேமராவில் வண்ணத் தகவலே இருக்காது, அதனால் எல்லா முடிவையும் அந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் பிடித்திருக்கிறது.

லென்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேமராவை மேலே சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் உச்சியில் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். அதைத் தவிர்க்கத்தான் ஷிஃப்ட் லென்ஸ்: கேமரா சமமட்டத்தில் இருக்க, லென்ஸ் மட்டும் மேலே நகரும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மிக அருகில் நின்று உயரமான கட்டடத்தை முழுவதுமாக நிமிர்த்திவிட்டால், உச்சி அடியைவிட அகலமாகிவிட்டது போல் தோன்றும். கொஞ்சம் சாய்வை விட்டுவைப்பதுதான் கண்ணுக்கு உண்மையாகப் படுகிறது.

ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கும் நீண்ட எக்ஸ்போஷரைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும், ஆகவே 10 ஸ்டாப் ஃபில்டர் அதை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். 1/60 விநாடி சுமார் 17 விநாடியாகும். 16 ஸ்டாப் போட்டால் அதே படம் 18 நிமிடத்தைத் தொடும். மேகங்கள் பட்டு நூல்களாக இழுபடும், தெருவில் நடப்பவர்கள் மறைந்துபோவார்கள். இந்தத் துறையில் இப்போது இது ஏறக்குறைய கட்டாயம் போல் ஆகிவிட்டது. மேகம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்காமல் இதைச் செய்வதில் அர்த்தமில்லை. கேமராவை நோக்கி வரும் மேகம் கட்டடத்தின் பின்னாலிருந்து விசிறிபோல் விரியும், கட்டடத்தின் கோடுகளும் அதுவும் ஒரே பக்கம் ஓடும். குறுக்கே போகும் மேகம் வானத்தைப் பட்டை பட்டையாக்கிக் கூரையின் விளிம்போடு மோதும். எனக்கு நீண்ட எக்ஸ்போஷர் பயன்படுவது வேறொரு காரணத்துக்கு. துண்டு துண்டாக இருந்த வானம் ஒரே சீரான சாம்பலாகும்போது அதற்கும் ஒரு எண் கொடுக்க முடிகிறது.

மீதி எல்லாம் கணினி முன்னால், நாட்கணக்கில். ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக மாற்ற முடியும்படி, தனி செலக்‌ஷன் போட்டு மாஸ்க்காகச் சேமிக்கிறேன். பால்கனிகள் நிறைந்த கட்டடம் என்றால் அதுவே பொறுமையைச் சோதிக்கும். விளிம்பில் கொஞ்சம் பிசகினாலும் கட்டடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஒளிவட்டம் போல் நிற்கும். பெரிய பிரிண்டில் முதலில் கண்ணில் படுவது அதுதான். அப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் ஒரு மென்மையான சரிவு கொடுக்க வேண்டும். எந்தச் சுவரிலும் வெளிச்சம் ஒரே அளவில் விழுவதில்லை. எதிர்க் கட்டடத்தின் பிரதிபலிப்பு ஒரு மூலையில் ஏறும், தரைக்கு அருகே மங்கும். அந்தச் சரிவு ஏற்கெனவே எந்தத் திசையில் இருக்கிறதோ அதையே கொஞ்சம் கூட்டுகிறேன். இல்லாத சரிவைப் புகுத்தினால் கட்டடம் பிளாஸ்டிக் பொம்மை போல் ஆகிவிடும். 16 பிட் ஃபைலில் மட்டும்தான் இந்த வேலை. சாம்பல் படிகள் குறைவான 8 பிட்டில் வானத்தின் சரிவு படிக்கட்டாக உடையும்.

பிரிண்டுக்கு பேரியம் பூச்சுள்ள பரைட்டா தாள். பளபளப்பில்லாத மேட் தாள் பார்க்க நன்றாக இருந்தாலும் கருப்பு அவ்வளவு ஆழம் போகாது. 1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் திரையில் தெளிவாகத் தெரியும், மேட் தாளில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் சின்னச் சின்னத் துண்டுகளாக அச்சிட்டு, அறை வெளிச்சத்தில் காயவைத்துப் பார்த்த பிறகே முழுப் படத்துக்குப் போகிறேன்.

இவ்வளவு மாற்றிய பிறகு அது அந்தக் கட்டடம்தானா என்ற கேள்வி வரும், வர வேண்டும். ஒரு அலுவலகக் கட்டடத்தின் மேற்குச் சுவரை நான் 2-க்கு இறக்கியிருந்தேன். உண்மையில் அது வெள்ளைக் கல். அதை வடிவமைத்தவர் பிரிண்டைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தார். “படம் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சுவர் வெள்ளையாக வேண்டும் என்பதற்காகவே நாங்கள் மூன்று கற்களைக் கழித்துவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தோம்” என்றார். நியாயமான பேச்சு. ஆவணமாகக் கொடுக்கும் படத்தில் நான் ஒருபோதும் அப்படிச் செய்வதில்லை என்பதை அவரும் அறிவார். எனக்காக எடுக்கும் படத்தில் அந்தச் சுதந்திரம் எனக்கு வேண்டும், அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன் என்று சொன்னேன். “சரி, வெள்ளையாகவே வைத்து ஒன்று செய்து பார்க்க முடியுமா?” என்று கேட்டார்.

செய்தேன். மேற்குச் சுவர் 8-க்கு ஏறியதும் எல்லா எண்களும் மாறின. தெற்குப் பக்கம் 5-க்கு வர வேண்டியிருந்தது. வெளிறிய வானத்தை வைத்துக்கொண்டு வெள்ளைச் சுவரின் விளிம்பைக் காப்பாற்ற முடியாது, அதனால் வானம் 1 வரைக்கும் இறங்கியது. ஒரே ஃபைலில் இருந்து வந்த இரண்டும் இப்போது இரண்டு வேறு கட்டடங்கள் போல் இருக்கின்றன. வெள்ளைச் சுவர் உள்ளதை அவர் தன் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். கருப்புச் சுவர் உள்ளது என் அடுத்த கண்காட்சிக்குப் போகிறது.