கிழவர்களே இல்லாத தோட்டம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரிலிருந்து அந்தத் தோட்ட அலுவலகத்துக்கு மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம். பாதி வழி செம்பனைக்கு நடுவே செம்மண் சாலை. அட்டவணையில் ஒரு தேதிப் பத்தியை (நெடுவரிசையை) ஒழுங்காகக் கையாளத் தெரியாததால் நான்கு முறை போய்வந்தேன்.

தொழிலாளர் பதிவேட்டை எக்செல் கோப்பிலிருந்து பைத்தான் நிரல்மொழியில் படித்துத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரே மாலையில் ஏற்றிவிட்டேன். ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அச்சிட்டுக் கொண்டுபோன பட்டியலைத் தோட்ட எழுத்தரான கிராணியார் ஒரு பார்வைதான் பார்த்தார். "மண்டோர் 2011 மே 10இல் சேர்ந்தான் என்று போட்டிருக்கிறாயே, தம்பி. அவன் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் வந்தவன். முன்பணம் கொடுத்ததே நான்தான்." அவர் சொன்னதே சரி. தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோர் சேர்ந்த அக்டோபர் 5 தலைகீழாகி மே 10 ஆகியிருந்தது.

அலுவலகத்தின் புதுக் கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்திருக்கிறது. பழைய உரைக் கோப்பை அதில் திறந்ததும், நாள் 12க்குள் இருந்த தேதிகளை எல்லாம் எக்செல் மாதம் முதலில் என்று எடுத்துக்கொண்டது. 12ஐத் தாண்டியவை புரியாமல் வெறும் எழுத்தாகவே நின்றுவிட்டன. எழுத்தாக நின்றவற்றை என் நிரல் சரியாகப் படித்தது, தேதியானவற்றைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. கண்ணால் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம்: உண்மையான தேதி கலத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். ஒரே பத்தி இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றால் கோப்பைத் தொடாதீர்கள், மூலக் கோப்பைக் கேளுங்கள்.

மூலக் கோப்பு பூட்டிய அறையில், பழைய கணினியில். சாவி மானேஜரிடம், மானேஜர் ஈப்போவில். அதற்காக இன்னொரு நாள் போனேன். இந்த முறை நாள், மாதம், ஆண்டு என்று வடிவத்தை நானே எழுதிக் கொடுத்துப் படிக்கவைத்தேன். அந்த வடிவக் குறியீட்டில் ஆங்கிலப் பெரிய 'எம்' (%M) நிமிடம், சின்ன 'எம்' (%m) மாதம். மாற்றிப் போட்டாலும் பைத்தான் வாயைத் திறக்காது, எல்லோரும் ஜனவரியில் சேர்ந்துவிடுவார்கள்.

அடுத்தது தீபாவளி அரிசிக்காக அறுபது தாண்டியவர்களின் பட்டியல். பிறந்த தேதிக்குத் தனிப் பத்தி இல்லை. அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் ஆண்டு, மாதம், நாள் என்பதால் அதிலிருந்து எடுத்தேன். பட்டியல் காலியாக வந்தது.

"நம் தோட்டத்தில் கிழவர்களே இல்லையா?" என்றார் கிராணியார். "என் பெயரையும் காணோமே."

இரண்டிலக்க ஆண்டில் 69 முதல் 99 வரை வந்தால் பைத்தான் 1900களில் வைக்கும், 00 முதல் 68 வரை வந்தால் 2000களில். 58இல் பிறந்தவர் 2058இல்தான் பிறக்கப்போகிறார்! பிறந்த நாள் இன்றைய தேதியைத் தாண்டினால் நூறு ஆண்டு கழிக்கச் சொன்னேன். வேலைக்கு வந்தவர்களின் பட்டியல் என்பதால் அது போதும். நூறு வயதைத் தாண்டியவர்களும் இருந்தால் போதாது.

இந்த முறை கொண்டுபோவதற்கு முன் வீட்டிலேயே சோதித்தேன். அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த என் அப்பா ஒரு நாள் முந்திப் பிறந்திருந்தார். 1982க்கு முன் பிறந்த எல்லோருமே அப்படித்தான். சேமிக்கும்போது கிரீன்விச் நேரத்துக்கும் நமக்கும் உள்ள எட்டு மணி நேர வித்தியாசத்தைக் கையால் எழுதியிருந்தேன். திரும்பப் படிக்கும்போது கோலாலம்பூர் என்று நேர மண்டலப் பெயரைக் கொடுத்திருந்தேன். 1981 முடியும்வரை மலேசியத் தீபகற்பத்தில் அந்த வித்தியாசம் ஏழரை மணிதான். 1982 பிறந்தபோதுதான் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அந்த அரை மணி, நள்ளிரவை முந்தைய நாளுக்கு இழுத்துவிட்டது. பிறந்த நாளுக்கு மணி எதற்கு? வெறும் தேதியாக மாற்றியதும் அப்பா தன் நாளுக்குத் திரும்பினார்.

பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாலையில் கிராணியாரிடமிருந்து ஒரு படம் வந்தது: அச்சிட்ட தாள், மூன்றாவது வரியில் அவர் பெயர், அதன்கீழ் அடிக்கோல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.