ண கொடுத்த தலைவலி: தடித்த சாய்வு எழுத்துரு, மூன்றாம் மாதம்

நேற்று இரவு பதினொன்றரைக்கு, ஒருவழியாக 'திருகோணமலை' என்ற சொல் ஸ்டிக்கரில் கிழியாமல் வெட்டுப்பட்டு வந்தது. ஊரின் பெயரை ஊருக்குள்ளேயே எழுத முடியாமல் மூன்று வாரம் மினக்கெட்டேன்.

நிமிர்ந்த எழுத்துகளை ஃபோன்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருளில் முடித்தாயிற்று, 12 பாகை சாய்த்தால் வேலை தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். ட, ப, ம எல்லாம் ஓட்டப்பந்தயக் கோட்டில் நிற்பவன் மாதிரி விறைப்பாக நின்றன. ண மட்டும் கஞ்சியாகிவிட்டது. எழுத்தின் நேர்க்கோடான தண்டின் தடிப்பு, மென்பொருளின் அளவில் 150 அலகு. அதே தடிப்பில் மூன்று சுழி போட்டால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கு, அதாவது கண்ணுக்கு, எங்கே இடம்? நிமிர்ந்த ண-விலேயே கண் 24 அலகுதான். 600 அலகு உயர எழுத்தை 5 சென்டிமீட்டரில் வெட்டினால் அது 2 மில்லிமீட்டர். கத்தி திரும்பும்போது அந்தத் துண்டும் கூடவே சுழன்று வந்துவிடும். போதாததற்கு, வட்டத்தைச் சாய்த்தால் வலது மேலும் இடது கீழும் கோடு தடிக்கிறது, மற்ற இரண்டு மூலையும் மெலிகிறது.

பழைய போர்டு எழுதுகிற மாமாவிடம் அச்செடுத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கூடப் போடவில்லை. "தம்பி, சுழிய விடு. காலை மட்டும் சாய்" என்றார். அவ்வளவுதான். தண்டு 12 பாகையில் இருக்க, சுழிகளை 5 பாகையில் புதிதாக வரைந்தேன். கோடு 95, கண் 60. ண கொஞ்சம் அகன்றுவிட்டது, அது பரவாயில்லை. லை-யின் இரட்டைச் சுழிக்கும் இதே வைத்தியம்தான்.

புள்ளியும் லேசில் அடங்கவில்லை. 700 அலகு உயரத்தில் கணக்குப்படி 149 அலகு வலப்பக்கம் போக வேண்டும். போட்டால் அடுத்த எழுத்தின் தலையில் ஏறி உட்கார்ந்தது. 30 அலகு பின்னால் இழுத்தேன். கணக்கு பிழை, கண்ணுக்குச் சரி.

இடையில் ஒன்று: உள்ளூரில் வாங்கிய மஞ்சள் வினைல் ஸ்டிக்கர் தாளில் நம்முடைய வெயிலுக்குப் பசை கசிகிறது. கொழும்பிலிருந்து எடுப்பித்த சிவப்புச் சுருள் விலை கூட, ஆனால் சுத்தமாக உரிகிறது. அச்சகத்துப் பெடியன் வேறு "பாமினியில் வருமா அண்ணா?" என்று விடாமல் கேட்கிறான். பாமினி பழைய குறியீட்டு முறை; என்னுடையது யூனிகோடு மட்டும்தான், ராசா. இலஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் தெற்காசிய எழுத்துத் தெரிவை இயக்காமல் 'கோ' உடைகிறது என்று என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய?

உகர, ஊகார வரிசை 36-இல் பாதி கூட முடியவில்லை. அதற்குள் ஜெர்சிக்கு இலக்கங்கள் வரைய ஆசை வந்து, 7-ஐயும் 9-ஐயும் தொடங்கிவிட்டேன்.

ண சரியாக வந்த சந்தோசத்தில் மாமாவின் தம்பியாருடைய வள்ளத்துக்குப் பெயர் வெட்டித் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். வள்ளத்தின் பெயர் 'ஜெயராணி'. ஜ இன்னும் வரையவே இல்லை.