மேல இருந்த நாலு பாயின்ட்

அந்த கிராஃப்ல மேல இருந்த நாலு பாயின்ட்டையும் எடுத்துடுன்னு லேப்ல ஜூனியர் பொண்ணுகிட்ட சொன்னது நான்தான். ரெண்டு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது.

ரூபிடியம் அணுவோட வெளி எலக்ட்ரானை லேசரால n=40ங்கிற ரொம்ப உயர்ந்த நிலைக்கு ஏத்தியிருந்தோம், இப்படி ஏத்தினதைத்தான் ரிட்பெர்க் அணுன்னு சொல்றது. அங்க எலக்ட்ரானைப் பிடிச்சு வச்சிருக்குறது வெறும் ஒன்பது, பத்து மில்லி எலக்ட்ரான் வோல்ட், ரூம் சுவர்ல இருந்து வர்ற வெப்பக் கதிர்வீச்சே போதும் பிச்சுக்கிட்டு போக. அப்படி வர்ற அயனி, ரிட்பெர்க் அணு எண்ணிக்கைக்கு நேர்விகிதத்துல ஏறும். ரெண்டு அணு மோதி ஒண்ணு n=28 இல்ல அதுக்கும் கீழ விழுந்து மத்ததை அயனியாக்கினா வர்க்கத்துல ஏறும். ரிட்பெர்க் எண்ணிக்கைக்கு எதிரா அயனி எண்ணிக்கையை லாகரிதம் கிராஃப்ல போட்டு, ஸ்லோப் 1ஆ 2ஆன்னு பார்த்தா விஷயம் தெரிஞ்சிடும். 1981ல இயற்பியலாளர் காலகர் குழு சோடியத்துல எலக்ட்ரிக் ஃபீல்டை மாத்தி மாத்தி, ரெண்டு அணுவும் ஒண்ணுக்கொண்ணு ஆற்றலை சுலபமா கைமாத்துற ரெசனன்ஸைக் காட்டினாங்களே, அதே மாதிரி நாங்களும் ட்யூன் பண்ணி நிறுத்தினோம், அங்க ரெண்டு அணுவுக்கும் இழுவை கூடும், மோதல் கூடும், 2 வந்தே ஆகணும்னு நான் இருந்தேன். வந்தது 1.6. மேல போகப் போக கர்வ் படுத்துடுச்சு.

"டிடெக்டர் சாச்சுரேஷன்மா, அந்த நாலையும் எடுத்துடு"ன்னேன். எம்சிபிதான் எங்க டிடெக்டர், ஒரே நேரத்துல ரொம்ப வந்தா முழுசா எண்ண முடியாம குறைச்சுக் காட்டும், அதுதான் சாச்சுரேஷன்.

"அண்ணா, ரிட்பெர்க் சிக்னலையும் அதே எம்சிபிலதானே எடுக்குறோம், அது இதைவிட பெருசு, முதல்ல அதுதானே சாச்சுரேட் ஆகணும்? அப்படின்னா கர்வ் மேல வளையணும், இது கீழல்ல வளையுது."

அவ கேட்டது சரியான கேள்வி. அதுக்கும் ஒரு பதில் உண்டு, அயனி எல்லாம் ஒரே நெருக்கமான பல்ஸா வந்து விழும், ரிட்பெர்க் சிக்னல், அந்த அணுக்களைப் பிச்சு எண்ண மெல்ல ஏத்துற எலக்ட்ரிக் ஃபீல்ட் ராம்ப்ல பரவி வரும், அதனால அயனிதான் முதல்ல சாச்சுரேட் ஆகலாம். இப்பவும் அது நடக்கக்கூடியதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா அந்த பதில் எனக்கு அங்க தோணல, ராத்திரி வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சு. அங்க நான் சொன்னது "இதை நான் நிறைய பார்த்திருக்கேன், எடுத்துடு" மட்டும்தான்.

எம்சிபி வோல்டேஜைக் குறைச்சு திரும்ப எடுத்திருந்தா அரை மணி நேரத்துல தெரிஞ்சிருக்கும். அணுவை ஏத்துற 480 நானோமீட்டர் லேசரை அலைநீளம் நகராம பிடிச்சு வைக்குற லாக் அன்னைக்கு நிக்கவே இல்ல, விட்டா திரும்ப பிடிக்க விடிஞ்சிடும்னு பயம், அது பொய்யில்ல. ஆனா ஸ்லோப் 2 வந்திருந்தா நான் சாச்சுரேஷனைப் பத்தி யோசிச்சிருப்பேனா? அவ அதைக் கேக்கல, நான்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். அடர்த்தி கூடினப்போ அணுக்கள் நிஜமாவே வேற ஏதோ செஞ்சிருந்தா, நாங்க தேடினதே அந்த நாலு பாயின்ட்லதான் இருந்திருக்கும்.

எடுத்தப்புறம் 1.9 வந்துச்சு. அந்த எம்சிபியையும் அப்புறம் மாத்திட்டாங்க, இனி சரிபார்க்க வழியில்ல. லாக்புக்ல அந்தப் பக்கத்துல அவ கையெழுத்துல ஒரே ஒரு வரி இருக்கு: "மேல் 4 பாயின்ட் நீக்கம், காரணம் சரிபார்க்கவில்லை."