1973 எம்ஜிபிக்கு என்ன ஆயில் ஊற்றுவது?

விலை அதிகமான ஆயில்தான் நல்ல ஆயில் என்ற கணக்கு புது காருக்கு ஓரளவு சரிவரும். ஐம்பது வயதைத் தாண்டிய எஞ்சினிடம் அது எடுபடாது.

இதை எழுதக் காரணம் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கும் என் சித்தி மகன். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில், நிலையான கூரை கொண்ட ஜிடி மாடலை வாங்கியிருக்கிறான். வாங்கிய கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு கேனின் படம். "அண்ணா, ஃபுல் சிந்தெடிக், 5டபிள்யூ-30. கடையில இருந்ததிலேயே இதுதான் விலை ஜாஸ்தி. ஊத்திடவா?" 5டபிள்யூ-30 என்பது ஆயிலின் கனத்தைச் சொல்லும் எண். வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். ஏன் என்று அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1973 ரோட்ஸ்டர், அதாவது கூரையைத் திறக்கக்கூடிய எம்ஜிபி. கூரை மட்டும்தான் வேறு, அவன் வண்டியில் இருப்பதும் அதே 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின்தான்.

முதலில் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வால்வுகளைத் திறக்க வைக்கும் மேடுகள் கொண்ட தண்டுதான் கேம்ஷாஃப்ட். இதில் அது எஞ்சினின் உடலான பிளாக்குக்குள் இருக்கிறது. கேமின் மேடு டாப்பெட் என்ற சிறு உருளையின் அடியில் உரசித் தள்ள, டாப்பெட் புஷ்ராட் என்ற கம்பியைத் தூக்க, ராக்கர் என்ற நெம்புகோல் வால்வைத் திறக்கிறது. நடுவில் ரோலர் எதுவும் கிடையாது, இரும்பும் இரும்பும் நேராக உரசுகின்றன. டாப்பெட்டின் அடிப்பக்கம் பார்க்கத் தட்டையாக இருந்தாலும் மிக லேசாகக் குவிந்திருக்கும். கேமும் துளி சாய்வாகக் கடையப்பட்டிருக்கும். அதனால் டாப்பெட் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கொஞ்சம் சுழலும், தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. நல்ல டாப்பெட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் சீரான மங்கிய பளபளப்பு இருக்கும். கெட்டுப்போனதில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருக்கும். அப்படிக் குழி விழுந்துவிட்டால் கேமும் சேர்ந்தே போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எஞ்சினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

அந்த உரசலில் அழுத்தம் மிக அதிகம். ஆயில் படலம் மட்டும் அங்கே தாங்காது. காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் இசட்டிடிபி என்ற துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். சூடும் அழுத்தமும் சேரும் இடத்தில் அது உடைந்து, இரும்பின் மேல் கண்ணாடி மாதிரியான மெல்லிய பூச்சாகப் படிகிறது. உரசலில் அந்தப் பூச்சு தேயும், மறுபடி படியும்.

சரி, இவ்வளவு நல்ல பொருளை ஏன் குறைத்தார்கள்? புகையைச் சுத்தம் செய்ய எக்ஸாஸ்ட் குழாயில் வைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக. எஞ்சினில் எரிந்துபோகும் சிறிதளவு ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ், புகையோடு போய் கன்வெர்ட்டரின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஆயில் தரங்களும் படிப்படியாக அதற்கேற்ப மாறின. 2004-ல் வந்த, ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் எஸ்எம் என்ற ஆயில் தரத்தில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் காரில் கன்வெர்ட்டரே கிடையாது. இல்லாத ஒன்றைக் காப்பாற்றுவதற்காக, இருக்கும் கேம்ஷாஃப்ட்டை நான் ஏன் பட்டினி போட வேண்டும்?

ஆனால் இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் வீண் பீதிதான் மிஞ்சும். அந்த 0.08 வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களுக்குத்தான். பழைய கார்களுக்கான கெட்டி ரகமான 20டபிள்யூ-50-க்கு அந்த வரம்பு பொருந்தாது. ஆகவே "இன்றைய ஆயில் எல்லாமே பழைய எஞ்சினைக் கொன்றுவிடும்" என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கேனின் முன்பக்க எழுத்தை விட்டுவிட்டு, அந்த ஆயிலின் டேட்டா ஷீட்டைத் தேடி எடுங்கள். பாஸ்பரஸ் அல்லது துத்தநாகம் எவ்வளவு என்று பாருங்கள். நான் பார்ப்பது பாஸ்பரஸ் 0.10 முதல் 0.14 சதவீதம் வரை. அந்த எண்ணை வெளியிடாத ஆயிலை நான் வாங்குவதில்லை. காஸ்ட்ரால், மில்லர்ஸ், பென்ரைட், வால்வோலின் என்று பழைய கார்களுக்கு ஏற்ற 20டபிள்யூ-50 தருபவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பெயரைவிட எனக்கு அந்த எண்தான் முக்கியம்.

தனியாக ஒரு சின்ன பாட்டிலில் துத்தநாகம் வாங்கிச் சேர்க்கும் பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது. அளவு மீறினால் அதே சேர்மம் உலோகத்தை அரிக்கவும் செய்யும். ஆயில் தயாரிப்பவர் கணக்குப் போட்டுக் கலந்ததை நாம் வீட்டு வாசலில் நின்று மாற்றக் கூடாது.

அடுத்தது கனம். 20டபிள்யூ-50 என்பதில் 50 என்பது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைக் குறிக்கிறது. 20டபிள்யூ என்பது குளிரில் எஞ்சின் சுற்றுமா என்பதற்கு. அதற்கான சோதனை மைனஸ் 15 டிகிரியில் நடக்கிறது. நான் இருக்கும் ரெடிங்கில் அந்தக் குளிர் வருவதில்லை, வந்தாலும் உப்பு தூவிய ரோட்டில் இந்தக் காரை எடுக்கப்போவதில்லை. ஆகவே 5டபிள்யூ தரும் குளிர்கால லாபம் எனக்குத் தேவையே இல்லை. அந்த 30-ஆல் வரும் நஷ்டம் மட்டும் மிச்சமாகும்.

அது நஷ்டம் என்பதை டேஷ்போர்டே சொல்லிவிடும். எம்ஜிபியில் ஆயில் பிரஷர் மீட்டர் இருப்பது பெரிய வரம். ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), ஐடிலிங்கில் 10 முதல் 25 என்கிறது ஒர்க்ஷாப் மேனுவல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் காட்டுவதை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் மோட்டார்வேயில் ஓட்டி, இறங்கி, முதல் சிக்னலில் நிற்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.  மெல்லிய ஆயில் சூடானால் அந்த முள் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும்.

சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும் என்பார்கள். சிந்தெடிக் என்பதற்காக ஒழுகுவதில்லை. மெல்லியதாக இருந்தால் ஒழுகும். பழைய சீலைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்த அழுக்கைக் கழுவிவிட்டாலும் ஒழுகும். நல்ல மினரல் (சிந்தெடிக் அல்லாத சாதாரண) 20டபிள்யூ-50 என் ஓட்டத்துக்குப் போதும் என்பது என் முடிவு. ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர் வேறு முடிவுக்கு வரலாம், அதில் தவறில்லை.

ஃபில்டரைப் பற்றியும் ஒன்று. என் எஞ்சினில் ஃபில்டர் தலைகீழாக, வாய் கீழே பார்த்தபடி நிற்கிறது. உள்ளே ஆயில் திரும்பி வடிவதைத் தடுக்கும் ரப்பர் வால்வு சரியில்லை என்றால் ராத்திரியெல்லாம் வடிந்து காலியாகிவிடும். காலையில் சாவியைத் திருப்பி முள் எழும்புவதற்குள் பல நொடிகள் ஓடிவிடும். அந்த நொடிகளில் பேரிங் காய்ந்தபடி சுழல்கிறது. பிரமாதமான ஆயிலை ஊற்றிவிட்டு மட்டமான ஃபில்டரைப் போடுவதில் எந்த லாபமும் இல்லை.

எப்போது மாற்றுவது? மைல் கணக்கை விடுங்கள், காலண்டரைப் பாருங்கள். இந்தக் கார்கள் குறைவாக ஓடுகின்றன, சோக் இழுத்து ஸ்டார்ட் ஆகின்றன. பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் இறங்கும், ஈரமும் சேரும். ஃபில்லர் மூடியைத் திறந்தால் வெளிர் மஞ்சள் பசை ஒட்டியிருந்தால், வண்டி சூடாகாமலே நிறுத்தப்படுகிறது என்று பொருள். நான் வருடம் ஒருமுறை, அக்டோபர் வாக்கில், குளிர்காலத்துக்கு மூடி வைப்பதற்கு முன் மாற்றுகிறேன். அமிலமேறிய பழைய ஆயிலில் பேரிங்குகள் நான்கு மாதம் ஊறக் கூடாது. எஞ்சினுக்கு 5 லிட்டர் கேன் ஒன்று வாங்கினால் போதும். என் கியர்பாக்ஸுக்கும் இதே ஆயில்தான்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு 20டபிள்யூ-50 வாங்க ஓட வேண்டாம். 1989-ல் வந்த அந்த முதல் தலைமுறை காரும் இப்போது பழைய ஸ்போர்ட்ஸ் கார்தான். ஆனால் அதன் 1.6 எஞ்சினில் இருப்பவை ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட்டுகள். ஆயில் உள்ளே சீக்கிரம் ஏறாவிட்டால் அவை டிக் டிக் என்று தட்டும். அதற்கு அந்தக் காரின் ஹேண்ட்புக் என்ன கனம் சொல்கிறதோ அதுதான்.